பின்னல் கோலாட்டம்



உடலசைவிலிருந்து கலை பிறக்கும் என்பதற்குப் பின்னல் கோலாட்டத்தினும் நல்ல சான்று யான் அறியேன். உச்சியில் கட்டிய வண்ணக் கயிறுகளைக் கோலோடு பற்றிக்கொண்டு, பாதிப் பேர் வலமாகவும் பாதிப் பேர் இடமாகவும் சுற்றுவர். எதிர்வரும் ஒருவரை உட்புறமாகவும் அடுத்தவரை வெளிப்புறமாகவும் கடக்க வேண்டும். பாட்டு முடிவதற்குள் கயிறுகள் சடையாகிவிடும். அதே அடிகளைப் பின்னோக்கி வைத்தால் சடை அவிழும்; ஒருவர் பிசகினாலும் சிக்கிக்கொள்ளும். ஆசிரியப் பயிற்சி பெற்றவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன்: கணக்கில் பின்தங்கிய பிள்ளையும் இவ்வடிகளை எண்ணாமலே எண்ணிவிடும்.

காலையெல்லாம் மரம் சீவிய கை மாலையில் கோல் பிடிக்குமா என்பீர்கள். சீவுவதற்கும் ஒரு தாளம் உண்டல்லவா?

எட்டுப் பேரேனும் இருந்தால்தான் பின்னல் அழகுபெறும். லயன் வீடுகளில் எட்டுப் பேரைச் சேர்க்க ஒரு குரல் போதுமாயிருந்தது. தோட்டங்கள் பல வீடமைப்பு நிலங்களாகி, குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்குச் சென்றுவிட்ட இந்நாளில், அடுத்த வீட்டுப் பிள்ளையின் பெயர்கூட நம் பிள்ளைக்குத் தெரிவதில்லை.

மண்டபம் கிடைக்கட்டும் என்று காத்திராதீர்கள். திடலோரத்து மரக்கிளை போதும். கயிற்றுக்குப் பழைய சேலைக் கிழிசல் போதும். கோலாட்டப் பாட்டு அறிந்த பாட்டிமார் இன்னும் நம்மிடையே சிலர் உள்ளனர். அவர்களை இம்மாதமே அழைத்து வாருங்கள்.