வீட்டில் பிளாஸ்டிக்கைக் குறைப்போம்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



கல்விச் சங்க விழாவில் பிளாஸ்டிக் பையைப் பற்றிப் பேசுவதா எனச் சிலர் எண்ணக்கூடும். அப்பை எங்கே போய்ச் சேர்கிறது, அதனை யார் எடுக்கிறார் என்று சிந்தித்தால், இது நம்மைப் பற்றிய பேச்சே என்பது விளங்கும்.

நாம் எறியும் பை மட்குவதில்லை. கழிவுநீர்க் குழாயில் சிக்கி, மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் சேர்த்துக்கொண்டு அடைப்பாகிறது. அவ்வடைப்பை எடுக்க அழைக்கப்படுபவர் யார்? பெரும்பாலும் நம் அண்ணனும் தம்பியுமே. பாதுகாப்பின்றி மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இத்தகைய இறப்புக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 இலட்சம் ரூபாயாக உயர்த்திற்று. ஆயினும் நச்சுவாயுவுக்குப் பலியாவோர் இன்றும் உளர். சட்டத்தை நிறைவேற்றுமாறு அரசை வலியுறுத்துவது நம் உரிமை. அடைப்புக்குக் காரணமாகாதிருப்பது நம் கடமை.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழக அரசு 2019 சனவரி 1 முதல் தடை செய்தது. எனினும் நம் சமையலறைக் கதவின் பின்னே ஒரு பைக்குள் பத்துப் பைகள் இன்னும் தொங்குகின்றனவே!

செய்ய வேண்டுவன எளியவை. பழைய வேட்டியிலும் சேலையிலும் பை தைத்துக் கொள்வோம். மீனும் இறைச்சியும் வாங்க மூடியுள்ள பாத்திரம் கொண்டு செல்வோம். சாம்பார் வாங்கத் தூக்குச்சட்டி எடுப்போம். பால் உறையின் முனையைத் துண்டாக நறுக்கி எறியாமல், உறையோடு ஒட்டியிருக்குமாறு வெட்டுவோம். கழுவி உலர்த்திப் பழைய பொருள் வாங்குவோரிடம் தருவோம். நம் வீட்டு விழாக்களில் வாழையிலையும் எவர்சில்வர் குவளையும் இருக்கட்டும். பிளாஸ்டிக்கை எரிக்கலாகாது; அப்புகை குழந்தைகளின் நெஞ்சுக்கு நஞ்சு. மக்கும் குப்பையையும் மக்காததையும் பிரித்தே கொடுப்போம். அதைக் கையால் அள்ளுபவரும் நம்மவரே.

துணிப்பை தூக்க இளைஞர் சிலர் நாணுகின்றனர். இம்மேடையிலுள்ள நம்மில் பலர் மஞ்சள் பையில் புத்தகம் சுமந்து படித்தவர்களே. நம்மைப் பட்டதாரிகளாக்கிய அப்பை எவருக்கும் இழிவன்று.

நம் வீட்டிலிருந்து ஒரு பையும் சாக்கடைக்குச் செல்லாது என இந்நாளில் உறுதி கொள்வோம்.