தொப்பியைக் கழற்றிவிட்டுப் பேசுகிறேன்

(நம் சமுதாயக் கூடத்தில் நடந்த உடல்நலக் கூட்டத்தில் பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



உங்களில் பலருக்கு என் பெயர் தெரியாது. தொப்பிக்காரர் என்றால் தெரியும். ராத்திரி ஷட்டில் ஆடும்போதுகூட இவர் ஏன் தொப்பியோடு ஆடுகிறார் என்று நீங்கள் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்திருக்கிறது. இன்று கழற்றிவிட்டேன். ஒரு நிமிடம் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பேசுவோம்.

மூன்று வருடத்துக்கு முன், 41 வயதில், முடி மாற்று சிகிச்சை செய்துகொண்டேன். ஒரே நாளில் 3,000 கிராஃப்ட், தவணை முறையில் பணம். டாக்டர் வந்தார், பேனாவால் நெற்றியில் கோடு போட்டார், போய்விட்டார். மற்றதையெல்லாம் செய்தவர்கள் டெக்னீஷியன்கள். ஐந்தாம் மாதம் லிஃப்டில் ஒரு குழந்தை என்னை அண்ணாந்து பார்த்து, "அங்கிள், உங்க முடி பொம்மை முடி மாதிரி இருக்கு" என்றது. அதன் அம்மா வாயைப் பொத்தினார். நான் அன்று சாயங்காலமே தொப்பி வாங்கினேன்.

அந்தக் குழந்தை சொன்னது சரியான வார்த்தை. 1950-களில் நியூயார்க்கில் நார்மன் ஓரென்ட்ரைக் என்ற தோல் மருத்துவர் இந்த சிகிச்சையைத் தொடங்கினார். பின்மண்டை முடி இடம் மாறினாலும் தன் குணத்தை மாற்றிக்கொள்ளாது, உதிராமல் வளரும் என்று காட்டியவர் அவர். ஆனால் அந்தக் காலத்தில் சுமார் 4 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தோலை வட்டமாக எடுத்து நடுவார்கள். முடி கொத்துக் கொத்தாக நிற்கும். டாக்டர்களே அதைப் பொம்மை முடி என்றுதான் சொன்னார்கள். இன்றைய கருவி சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். ஆனாலும் கை கவனமில்லாமல் நட்டால் பழைய பொம்மை திரும்பி வந்துவிடும்.

வழுக்கை இல்லாத ஒருவரின் நெற்றியை உற்றுப் பாருங்கள். நம் முடி ஒன்று முதல் நான்கு வரை சிறு குழுவாக முளைக்கிறது. ஆனால் நெற்றி ஓரத்தில் ஒற்றை முடிகள்தான் இருக்கும். அவை மெல்லியவை. முன்பக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கும். கோடு நேராக இருக்காது. வயதான ஆண்களுக்கு இரண்டு பக்கமும் உள்வாங்கியிருக்கும். எனக்கு ஸ்கேல் வைத்ததுபோல நேர்க்கோடு. அதுவும் தாழ்வாக. முன்வரிசையிலேயே மூன்று முடிக் கொத்துகள், நாற்று மாதிரி நட்டுக்குத்தலாக.

இப்படி ஆகிவிட்டால் என்ன செய்வது? நான் அடிபட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில், பொறுங்கள். நட்ட முடி சில வாரங்களில் உதிர்வது இயல்பு. மூன்று, நான்கு மாதத்தில் மறுபடி முளைக்கத் தொடங்கும். முழு விளைவு தெரிய ஒரு வருடம் ஆகும். உச்சந்தலையில் இன்னும் தாமதமாகும். புது முடி ஆரம்பத்தில் முரடாகச் சுருண்டு வந்து பிறகு மென்மையாவதும் உண்டு. அதனால் ஒரு வருடம் முடியாமல் மறுபடி கத்தி வைக்க விடாதீர்கள். ஆனால் காய்ச்சல், சீழ், கூடிக்கொண்டே போகும் வலி, தோல் கறுத்துப்போவது இவற்றில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது; அன்றே டாக்டரைப் பாருங்கள்.

நான் பொறுக்கவில்லை. தொப்பி வாங்கிய அடுத்த வாரமே இன்னொரு இடத்துக்கு ஓடினேன். "இன்னும் 2,000 வைத்தால் எல்லாம் மறைஞ்சிடும் சார்" என்றார்கள். முன்பணம் கட்டப்போன என்னை நிறுத்தியது என் மனைவி. "இதுல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு தோல் டாக்டர்கிட்ட காட்டிடுவோம்" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான் மீதியைக் காப்பாற்றியது.

ஏனென்றால் இரண்டாவது விஷயம், பின்மண்டை என்பது புதிதாகப் பணம் போட முடியாத வங்கிக் கணக்கு. அங்கிருந்து எடுத்த வேர்க்கால் திரும்ப முளைக்காது. அந்த டாக்டர் பெரிதாக்கிக் காட்டும் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, "ஏற்கெனவே அளவுக்கு மேல எடுத்துட்டாங்க. இன்னும் 2,000 எடுத்தா பின்னாடியும் சொட்டை தெரியும்" என்றார். மிச்சமிருப்பதைச் சரிசெய்ய மட்டும்தான் தொட வேண்டும் என்றார். கோடு இறங்கியது காத்திருந்தால் ஏறாது. ஆனால் எது மாறும், எது மாறாது என்று தெரிந்த பிறகு கை வைப்போம் என்றார். ஒரு வருடம் காத்திருந்தேன்.

மூன்றாவது, குறைக்கேற்ற வழி. கோடு சரியான உயரத்தில் இருந்து, முடி மட்டும் கொத்தாகத் தெரிந்தால், அதற்கு முன்னால் ஒற்றை முடிகளைக் கலைத்து நட்டு ஓரத்தை மென்மையாக்கலாம். என்னைப்போல் கோடே தாழ்ந்திருந்தால் முன்னால் இடமில்லை, எடுக்கத்தான் வேண்டும். கொத்தைச் சிறு கருவியால் வெளியே எடுத்து, பிரித்து, பின்னால் தள்ளி நடலாம். கோணம் தவறிய முடியை இருந்த இடத்திலேயே திருப்ப முடியாது. அதையும் எடுத்துத்தான் நட வேண்டும். சிதறலாக இருக்கும் கறுப்பு முடியை லேசரால் அகற்றலாம்; நரைத்த முடியில் லேசர் வேலை செய்யாது. பின்மண்டையில் தெரியும் இடைவெளிக்கும் தழும்புக்கும் நிறமிப் புள்ளி வைக்கிறார்கள். சில வருடத்தில் மங்கும், மறுபடி வைக்க வேண்டும்.

இதோடு, சொந்த முடி உதிர்வதை நிறுத்தாவிட்டால் நட்ட முடி மட்டும் தீவு மாதிரி நிற்கும். மினாக்ஸிடில், ஃபினாஸ்டரைடு எல்லாம் அதற்குத்தான். ஃபினாஸ்டரைடு சிலருக்குப் பாலியல் சார்ந்த பக்கவிளைவு தரலாம். டாக்டர் சொல்லாமல் மருந்துக்கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

எனக்கு இரண்டு முறையாக முன்வரிசையை எடுத்துப் பின்னால் நட்டார்கள். நீங்கள் இப்போது பார்ப்பது அதன் பலன். வெயிலில் நின்றால் நெற்றியில் சிறு புள்ளிகள் தெரியும், அவை போகாது. சரிசெய்வது என்றால் பழைய தலை திரும்பி வருவதில்லை. எதிரே வருபவர் பார்வை முடியில் நிற்காமல் முகத்துக்கு வந்தால் போதும். அது எனக்கு வந்துவிட்டது.

நான்காவது, காகிதம். மாதம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். மருத்துவப் பதிவேடுகளை எழுத்தில் கேளுங்கள். 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிப்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். காசு வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்தில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே சொல்லிவிட்டது. புகார் செய்ய இரண்டு வருடம் அவகாசம். நுகர்வோர் உதவி எண் 1915. பார்க்க நன்றாக இல்லை என்பது மட்டும் வழக்குக்குப் போதாது. யார் செய்தார், எதைச் சொல்லிச் செய்தார் என்பதுதான் கேள்வி. பயிற்சி பெற்ற, பதிவு பெற்ற மருத்துவர்தான் இதைச் செய்ய வேண்டும், டெக்னீஷியன் உதவிக்கு மட்டுமே என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. எனக்குக் கிடைத்த தாளில் செய்தவர் பெயரே இல்லை. வழக்கு நடக்கிறது; அதனால் இடத்தின் பெயரைச் சொல்லமாட்டேன், கேட்காதீர்கள்.

இதை ஏன் இன்று பேசினேன்? போன மாதம் நடைபாதையில் நம் குடியிருப்புத் தம்பிகள் இருவர் என்னிடம் விசாரித்தார்கள். ஒருவருக்கு 24 வயது. கல்யாணத்துக்குள் செய்துவிட வேண்டுமாம். தம்பி, நீங்கள் இங்கே இருக்கிறீர்களோ என்னவோ, மூன்று கேள்வி கேட்டுவிட்டுப் போங்கள். எடுப்பதும் துளை போடுவதும் யார் கை? எடுத்த பிறகு பின்னால் எவ்வளவு மிஞ்சும்? இன்று போடும் கோடு எனக்கு 55 வயதாகும்போது பொருந்துமா? மூன்றுக்கும் டாக்டரே நேரில் பதில் சொல்லவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். 24 வயதில் உதிர்வு எதுவரை போகும் என்று யாருக்கும் தெரியாது. முதலில் மருந்து, பிறகு மற்றது.

மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "சீப்பு வேணுமா சார்?" என்று கேட்பது உங்களுக்கு ஒரு நொடிச் சிரிப்பு. நான் அதற்குப் பயந்து ஒன்றரை வருடம் பொங்கல் விழாவுக்கும் பொதுக்குழுவுக்கும் வரவில்லை. லிஃப்டில் ஆள் இருந்தால் படியேறினேன். அந்தக் குழந்தை மீது எனக்குக் கோபமே இல்லை. போன வாரம் அதே லிஃப்டில் பார்த்தது. "அங்கிள், முடி இப்போ படுத்துடுச்சு" என்றது.

யாருக்காவது தனியாகப் பேச வேண்டுமென்றால் சாயங்காலம் ஷட்டில் கோர்ட்டுக்கு வாருங்கள். தொப்பி இல்லாதவரைத் தேடுங்கள்.