கூடத்தில் ஓடும் இன்னொரு படம்

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியானாலும் கிள்ளான் தாமான் வீடானாலும், படம் முடிந்ததும் கூடத்தில் இன்னொரு படம் தொடங்கிவிடும். அக்கா ஒன்று சொல்வார், மாமா மறுப்பார்.

2016-இல் வெளிவந்த ‘கபாலி’ அப்படிப் பேசவைத்த படம். மலேசியத் தோட்டத் தமிழனாக ரஜினிகாந்த்! மலேசியப் பிரதியின் முடிவில் மட்டும், கபாலி போலீசில் சரணடைந்ததாக ஒரு வரி சேர்க்கப்பட்டது. சென்னை உறவினரிடம் தொலைபேசியில் முடிவைப் பற்றி வாதாடியவர்கள், உண்மையில் வேறொரு முடிவைப் பார்த்தவர்கள்!

அதற்கு ஏழு மாதம் முன்பே, 2015 டிசம்பரில், சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ வந்தது. 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்பட விருதையும் வென்றது. அதிலும் குண்டர் கும்பல் உண்டு. ஆனால், தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் அந்தப் பக்கம் ஏன் சாய்கிறான் என்பதையும் படம் காட்டுகிறது.

“பேச்சு ரொம்பக் கொச்சை” என்பது சில வீடுகளின் தீர்ப்பு. சென்னைக் கொச்சைக்கு மட்டும் அதே கூடத்தில் கைதட்டல், இது நியாயமில்லை. வசவு வரும் இடத்தில் அப்பா ஒலியைக் குறைக்கிறார். பக்கத்தில் இருக்கும் மகனோ, பள்ளிப் பேருந்தில் அதைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்திருக்கிறான்.