ஒரு ப்ரீஆம்ப், இரண்டு பவர் ஆம்ப்

வீட்டு ஒலிச்சாதனங்களில் ப்ரீஆம்ப், பவர் ஆம்ப் இரண்டுக்கும் வேலை வேறு. ரெக்கார்டு பிளேயர், சிடி பிளேயர், ரேடியோ ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வால்யூமைக் கட்டுப்படுத்துவது ப்ரீஆம்ப். அந்தச் சிறிய சிக்னலுக்கு ஸ்பீக்கரை இயக்கும் வலுவைத் தருவது பவர் ஆம்ப். அடுத்த அறைக்கும் பாட்டு வேண்டும் என்றாலோ, ஒரே ஸ்பீக்கரின் வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் தனித்தனி ஆம்ப் வேண்டும் என்றாலோ, ஒரு ப்ரீஆம்புடன் இரண்டு பவர் ஆம்புகளை இணைக்க வேண்டியிருக்கும்.

சில ப்ரீஆம்புகளில் இரண்டு ஜோடி அவுட்புட் இருக்கும். இல்லாவிட்டால், சேனலுக்கு ஒன்றாக இரண்டு ஒய் கேபிள்கள் போதும். ஓர் அவுட்புட்டைப் பல இன்புட்டுகளுக்குப் பிரிக்கலாம். இரண்டு அவுட்புட்டுகளை ஒய் கேபிளால் ஒன்றாகச் சேர்க்கவே கூடாது.

பிரிப்பதற்கு முன் பார்க்க வேண்டியது இம்பீடன்ஸ், அதாவது சிக்னலுக்குச் சுற்று காட்டும் மின்தடுப்பு. பவர் ஆம்புகளின் மொத்த இன்புட் இம்பீடன்ஸ், ப்ரீஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸைப் போல் 10 மடங்காவது இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆம்புகளைப் பக்க இணைப்பில் சேர்க்கும்போது மொத்த மதிப்பு குறையும். 47 கிலோ ஓம் ஆம்புடன் 10 கிலோ ஓம் ஆம்பைச் சேர்த்தால் கிடைப்பது சுமார் 8.2 கிலோ ஓம்தான். அவுட்புட் இம்பீடன்ஸ் 200 ஓம் உள்ள ட்ரான்சிஸ்டர் ப்ரீஆம்ப் இதை எளிதில் தாங்கும்.

வால்வு ப்ரீஆம்பில் கவனம் தேவை. அதன் அவுட்புட்டில் 0.47 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் இருப்பதாகக் கொள்வோம். 47 கிலோ ஓம் ஆம்ப் மட்டும் இருக்கும்போது, ஒலி பாதி சக்தியாகக் குறையும் இடம் 7 ஹெர்ட்ஸ். அது காதுக்கு எட்டாது. 10 கிலோ ஓம் ஆம்பையும் சேர்த்தவுடன் அந்த இடம் ஏறத்தாழ 40 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். பேஸ் கிடாரின் மிகத் தடித்த தந்தி ஒலிப்பது 41 ஹெர்ட்ஸில். பாட்டின் அடித்தளமே மெலிந்துபோகும். இத்தகைய இடத்தில், அவுட்புட் இம்பீடன்ஸ் குறைந்த ஒரு பஃபர் சாதனத்தை நடுவே வைப்பதே தீர்வு.

அடுத்தது ஒலியளவு. ஓர் ஆம்பின் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) 26 டெசிபலும் மற்றதன் கெயின் 32 டெசிபலும் என்றால், ஒரே சிக்னலுக்கு இரண்டாவது ஆம்ப் 4 மடங்கு சக்தியை வெளியிடும். அந்த ஆம்பில் லெவல் குமிழ் இருந்தால் அதைக் குறைத்துச் சமன்செய்யலாம்.

இணைத்த பிறகு 'ஹம்' என்ற இரைச்சல் கேட்டால், பெரும்பாலும் எர்த் லூப்தான், அதாவது சாதனங்களின் எர்த் இணைப்புகள் ஒரு வளையமாக அமைவதுதான் காரணம். எல்லாச் சாதனங்களுக்கும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து மின்சாரம் எடுத்தால் பெரும்பாலும் குறையும். அதற்காக எர்த் பின்னைக் கழற்றுவது உயிருக்கே ஆபத்து.

ஒரே ஸ்பீக்கரை இரண்டு ஆம்புகளால் இயக்குவோர், ஸ்பீக்கரின் பின்புறம் மேல், கீழ் முனைகளை இணைக்கும் உலோகத் தகட்டை முதலில் கழற்ற வேண்டும். கழற்றாவிட்டால் இரண்டு ஆம்புகளின் அவுட்புட்டும் ஒன்றோடொன்று மோதி ஆம்ப் பழுதாகலாம்.

வயர் மாற்றும்போது எல்லாச் சாதனங்களும் அணைந்திருக்க வேண்டும். சுவிட்ச் போடும்போது ப்ரீஆம்ப் முதலில், பவர் ஆம்புகள் கடைசியில். அணைக்கும்போது பவர் ஆம்புகள் முதலில். இந்த வரிசை தவறாவிட்டால் ஸ்பீக்கர்கள் நெடுநாள் உழைக்கும்.