பால் ரிவியரின் வீடு



அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில், நார்த் எண்ட் என்னும் பழைய பேட்டையில், இத்தாலியப் பலகாரக் கடைகளும் செங்கல் கட்டடங்களும் நெருங்கி நிற்கும் ஒரு சிறு சதுக்கத்தின் ஓரமாக, கருமையேறிய மரப்பலகைகளால் ஆன ஒரு வீடு இருக்கிறது. அதன் மேல்தளம் கீழ்ச்சுவரைத் தாண்டித் தெருப்பக்கமாகச் சற்றே முன்வந்திருக்கும். ஜன்னல்களிலே ஈயப் பட்டைகளால் இணைத்த சிறு சிறு சாய்சதுரக் கண்ணாடிகள் பதிந்திருக்கும். மாஸசூஸெட்ஸ் பிரதேசம் ஆங்கிலேயரின் குடியேற்ற நாடாக இருந்த காலத்தில், ஏறத்தாழ 1680ஆம் ஆண்டில் எழும்பி, ராபர்ட் ஹோவர்டு என்ற செல்வந்த வணிகரின் வாசஸ்தலமாக விளங்கிய இந்த வீடே, அந்நகரத்தின் மத்திய பாகத்தில் இன்று எஞ்சியிருக்கும் கட்டடங்களில் மிகப் புராதனமானது.

ஆயினும் இதனைக் காண ஜனங்கள் வருவது ஹோவர்டுக்காக அன்று. 1770 முதல் 1800 வரையில் இதற்கு உரிமையாளராக இருந்த பால் ரிவியர் என்னும் வெள்ளி வேலைக்காரருக்காகவே வருகிறார்கள். 1775 ஏப்ரல் 18ஆம் நாள் இரவு, ஆங்கிலப் படை புறப்படப் போகும் செய்தியை லெக்ஸிங்டன் என்னும் ஊரில் இருந்த விடுதலை இயக்கத் தலைவர்களுக்கு அறிவிக்கும்பொருட்டு, இவ்வீட்டிலிருந்து கிளம்பி, படகேறிச் சார்ல்ஸ் நதியைக் கடந்து, அக்கரையில் குதிரையேறிச் சென்றவர் அவர். அவர் 1818இல் காலஞ்சென்று நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, லாங்ஃபெலோ என்ற கவிஞர் அந்த இரவைப் பாடினார். அதன் பின்னரே அந்நாட்டுப் பள்ளிச் சிறுவர் ஒவ்வொருவருக்கும் ரிவியரின் பெயர் மனப்பாடமாயிற்று. அந்தப் பாட்டு மட்டும் பிறந்திராவிட்டால், இந்த வீடு இடிபடாமல் பிழைத்திருக்குமா என்பது சந்தேகமே.

உள்ளே நுழைவோர் முதலில் உணர்வது இடத்தின் குறுக்கம். கீழே பெரிய கணப்புடன் கூடிய கூடமும் சமையலறையும், மாடியில் இரண்டு அறைகளுமாக இன்று காட்சியளிக்கும் இவ்வீட்டில், ரிவியர், அவர் மனைவி, முதியவரான தாயார் ஆகியோருடன் எந்தக் காலத்திலும் பல குழந்தைகள் வளர்ந்து வந்தனர். அடுத்தடுத்து மணந்த இரு மனைவியரிடத்தும் எட்டெட்டாக அவருக்குப் பதினாறு மக்கள். அவர்களிற் பலர் சிறு பிராயத்திலேயே மாண்டுபோயினர். கீழ்க்கூடத்தை ஹோவர்டின் காலத்துக்குரிய முறையிலும், மாடியறைகளை ரிவியரின் காலத்துக்குரிய முறையிலும் அலங்கரித்து வைத்திருக்கிறார்கள். அக்குடும்பத்துக்கே சொந்தமான சாமான்கள் சிலவும் மாடியில் இருக்கின்றன. முற்றத்தில், ரிவியரின் வார்ப்படச் சாலையில் 1804இல் உருவான தொள்ளாயிரம் பவுண்டு எடையுள்ள மணி ஒன்று இருக்கிறது.

ரிவியர் விற்றுவிட்ட பிறகு, ஒரு நூற்றாண்டு காலம் இவ்வீட்டின் நிலை மிகவும் பரிதாபமானது. மாலுமிகள் தங்கும் விடுதியாகவும், புதிதாகக் கப்பலேறி வந்த ஏழைக் குடும்பங்களின் வாடகைக் குடியிருப்பாகவும் மாறி, கீழ்த்தளத்தில் மிட்டாய்க் கடை, சுருட்டுத் தொழிற்சாலை, வங்கி, காய்கறி வியாபாரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக இடம்பெற்று, இறுதியில் இடிக்கப்படும் தறுவாய்க்கு வந்தது. 1902ஆம் ஆண்டு ரிவியரின் கொள்ளுப்பேரரான ஜான் ரெனால்ட்ஸ் அதனை விலைக்கு வாங்கித் தடுத்தார். ஜோசஃப் சாண்ட்லர் என்னும் கட்டடக் கலைஞர் செப்பனிட, 1908 ஏப்ரலில் பொதுமக்கள் காணத் திறந்துவிட்டார்கள். அமெரிக்காவில் ஒரு தனி வீட்டையே காட்சிச்சாலையாக்கிய ஆதி முயற்சிகளில் இது ஒன்று.

இங்கேதான் என் உள்ளத்தை நெடுநேரம் பிடித்து நிறுத்திய செய்தி இருக்கிறது. ரிவியர் குடியேறுவதற்கு முன்பே, பதினெட்டாம் நூற்றாண்டின் மத்தியில், வீட்டின் முன்பாகத்துக் கூரையை உயர்த்தி மூன்றாவது தளம் ஒன்று எழுப்பியிருந்தார்கள். ரிவியரின் பெருங்குடும்பம் வாழ்ந்தது அந்த மூன்று தள வீட்டில். சாண்ட்லரோ, பதினேழாம் நூற்றாண்டின் ஆதி வடிவத்தை மீட்கவேண்டும் என்னும் ஆர்வத்தால், அத்தளத்தை எடுத்துவிட்டு, பழைய கூரை இவ்வாறு இருந்திருக்கலாம் என்று அநுமானித்து அமைத்தார். எவருடைய பெயரால் வீடு காப்பாற்றப்பட்டதோ, அவர் கண்ட தோற்றம் அதனால் மறைந்துபோயிற்று. மிட்டாய்க் கடைக்காரனும் சுருட்டுச் சுற்றியவர்களும் விட்டுச்சென்ற அடையாளங்களும் உடன் அகன்றன.

இதனை நான் குற்றமாகச் சொல்லவில்லை. சட்டத்திலும் அஸ்திவாரத்திலும் உட்சுவர்களிலுமாகச் சேர்த்து ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு 1680ஆம் ஆண்டின் கட்டுமானமே இன்னும் நிலைத்திருக்கிறதென்றால், அது அந்த மனிதர்களின் சிரத்தையினால் விளைந்த பலன். ஆனால் ஒரு வீடு முந்நூறு ஆண்டுகள் நின்றிருக்க, அதன் ஆயுளில் ஏதோ ஒரு காலத்தை மட்டும் தேர்ந்து ஏனையவற்றை நீக்கும் உரிமையை எத்தனை தயக்கத்தோடு கையாள வேண்டும் என்பதை, பழைய மாளிகைகளைப் புதுப்பிக்க முனைவோர் எந்நாட்டிலும் யோசித்துப் பார்ப்பது நல்லது.

மேற்படிப்பின் நிமித்தம் நம் பிள்ளைகள் பலர் இன்று பாஸ்டனுக்குப் போகிறார்கள். அவர்கள் இவ்வீட்டைக் காணச் செல்லும்போது, கூடத்தின் தடித்த உத்தரங்களை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மாடியேறியதும், எடுத்துவிட்ட அந்த மூன்றாம் தளம் எங்கே இருந்தது என்று அங்குள்ள வழிகாட்டியை மறவாமல் கேட்கவேண்டும் என்று விரும்புகிறேன்.