ஆள் தேடும் கூடம்

(பட்டிமன்றத் தலைப்பு: கூட்டு உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்வதால் பெரிதும் தேறுவது உடம்பா? கூடத்தின் கல்லாவா? ‘உடம்பே’ என்ற அணியில் ஆற்றிய உரை.)

அன்புமிக்க நடுவர் அவர்களே, எதிரில் அமர்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே, திரளாகக் கூடியிருக்கிற விருதுநகர்ப் பெருமக்களே, வீட்டில் சாத்தூர்ச் சேவை மடியில் வைத்துக்கொண்டு உடற்பயிற்சியைப் பற்றிய பட்டிமன்றத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற தாய்மார்களே! (சிரிப்பு)

இந்தத் தலைப்பை எந்த ஊரில் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவுக்குப் பேர்போன ஊர். தெற்கே போனால் சாத்தூர்ச் சேவு. மேற்கே போனால் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா. இந்த மூணுக்கும் நடுவுல ஒருத்தர் ஜிம் வச்சா வியாபாரத்துக்கு என்னங்கய்யா குறைச்சல்? (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணித் தலைவர் ஓர் அண்ணாச்சி கதையைச் சொன்னார். ஜனவரி ஒண்ணாம் தேதி வருஷச் சந்தாவை மொத்தமாக் கட்டினாராம். புது ஷூ வாங்கினாராம். பத்து நாள் போனாராம். பொங்கலுக்கு லீவு விட்டாராம். அந்த லீவு இன்னும் முடியலையாம். ‘தேறியது யார்? கல்லாதானே?’ என்று கேட்டு உங்களிடம் கைதட்டலும் வாங்கிவிட்டார்.

நடுவர் அவர்களே, அந்தக் கதையை நான் மறுக்கப்போவதில்லை. எதிரணிக்கு நானே ஆதாரம் தருகிறேன். அமெரிக்காவில் டெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்று இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2006ஆம் ஆண்டு ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். மூன்று உடற்பயிற்சிக் கூடங்களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களுடைய வருகைப் பதிவை எடுத்துப் பார்த்தார்கள். மாதச் சந்தா 70 டாலருக்கு மேல். ஆனால் அந்தச் சந்தாக்காரர்கள் சராசரியாகப் போனது மாதத்துக்கு நாலு தடவை, அஞ்சு தடவைதான். கணக்குப் போட்டால் ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் விழுகிறது. அதே கூடத்தில் பத்துத் தடவைக்கான சீட்டு வாங்கியிருந்தால் ஒரு தடவைக்கு 10 டாலர்தான்! ஆக, அண்ணாச்சி சிவகாசியில் மட்டும் இல்லை, அமெரிக்காவிலும் இருக்கிறார். (சிரிப்பு)

ஏன் இப்படி நடக்கிறது? சந்தா கட்டுகிற மனுஷன் வேற, காலை அஞ்சரை மணிக்கு எழுந்திருக்க வேண்டிய மனுஷன் வேற. ரெண்டு பேருக்கும் பேர் ஒண்ணுதான், குணம் வேற. முதல் ஆள் ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் சபதம் போடுவார். ரெண்டாவது ஆள் அலாரத்தை அமுக்கிட்டுத் திரும்பிப் படுப்பார்.

எங்கள் தெருவிலும் அப்படி ஓர் அண்ணாச்சி உண்டு. அவரிடம் கேட்டேன்: “அண்ணாச்சி, நீங்க போறதை நிறுத்துனதும் ஜிம்முல இருந்து யாராவது ஏன் வரலைன்னு கேட்டாங்களா?” அவர் சொன்னார்: “கேட்டாங்க சார். ஒரு வருஷம் கழிச்சு போன் வந்துச்சு. சந்தாவைப் புதுப்பிக்கிறீங்களான்னு கேட்டாங்க.” (பலத்த சிரிப்பு)

சிரிக்கிறீர்கள். ஆனால் நம் தலைப்புக்கு விடை அங்கேதான் இருக்கிறது. அவர் சேர்ந்தது கட்டடத்தில், கூட்டத்தில் இல்லை. நம் தலைப்பில் ‘கூட்டு’ என்று ஒரு சொல் இருக்கிறதே, அதை எதிரணியினர் மூன்று பேருமே வசதியாக மறந்துவிட்டார்கள்.

இன்னொரு அனுபவம் சொல்கிறேன். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதுகிற சகோதரி. வயது 46. சர்க்கரை எட்டிப் பார்த்துவிட்டது. டாக்டர் நடக்கச் சொன்னார். தனியாக நடந்து பார்த்தார், நாலு நாள்கூட ஓடவில்லை. பெண்களுக்கென்று காலை ஆறு மணிக்கு நடக்கிற ஒரு பேட்சில் சேர்ந்தார். பதினாலு பேர். முதல் வாரம் பூராவும் கூச்சம். ரெண்டாவது வாரம், ‘இதெல்லாம் நமக்கு எதுக்கு’ன்னு ஒருநாள் போகலை. ஆறே காலுக்குப் போன்ல செய்தி வருது: “அக்கா, உங்க பாயை விரிச்சு வச்சிருக்கோம்.” அவ்வளவுதான். விரிச்ச பாயைச் சும்மா கிடக்க விட முடியுமா? போனார். இன்றைக்கும் போகிறார். எடை குறைந்தது மூன்றே கிலோ. ஆனால் சாப்பிட்ட பிறகு பார்க்கிற சர்க்கரை இறங்கியிருக்கிறது. மாடிப்படியில் நடுவில் நின்று மூச்சு வாங்குவது போய்விட்டது. மாத்திரையை மட்டும் தானாக நிறுத்தவில்லை, டாக்டர் சொன்னபடிதான் குறைத்தார். அதுவும் முக்கியம், தாய்மார்களே.

இரண்டு பேரும் சேர்ந்தார்கள். ஒருவர் ஏமாந்தார், ஒருவர் தேறினார். இடையில் இருந்த வித்தியாசம் அந்த விரித்த பாய்! (கைதட்டல்)

இது என் கற்பனை இல்லை. 1920களில் ஜெர்மனியில் ஓட்டோ கோலர் என்று ஓர் அறிஞர். பெர்லினில் ஒரு படகுச் சங்கத்து வீரர்களைக் கூப்பிட்டுப் பளு தூக்க வைத்தார். முதலில் தனித்தனியாக, பிறகு ஜோடியாக. ஜோடியாகச் சேர்ந்ததும் பலம் குறைந்தவர், தனியாகச் செய்ததைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார். ‘என்னால கூட்டாளி கெட்டுடக் கூடாதே’ என்கிற மானம்தான் காரணம்! அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கூட்டாளி நம்மைவிடக் கொஞ்சம் கெட்டிக்காரராக இருந்தால் பலன் அதிகம். மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் என்றால் பலன் குறைந்துவிடும். அதனால்தான் சொல்கிறேன், அறுபது வயது மாமியாரையும் இருபது வயதுக் கல்லூரிப் பெண்ணையும் ஒரே குதியாகக் குதிக்கச் சொல்கிற கூடம் நல்ல கூடம் இல்லை.

எதிரணிச் சகோதரி ஒன்று கேட்டார். ‘கூட்டம் சேர்ந்தா சோம்பேறித்தனமும் சேருமே ஐயா?’ நல்ல கேள்வி. பிரான்சில் ரிங்கல்மான் என்று ஒரு வேளாண் பொறியாளர் கயிறு இழுக்க வைத்துப் பார்த்தார். ஆள் கூடக் கூட, ஒவ்வொருவரும் இழுக்கிற இழுப்புக் குறைந்துகொண்டே போனது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேர் வடம் பிடிக்கிறபோது பார்த்திருப்பீர்களே? ஆயிரம் கை வடத்திலே இருக்கும். இழுக்கிற கையும் உண்டு, கும்பிட்ட கையோடு சும்மா தொட்டுக்கிட்டு நடக்கிற கையும் உண்டு. (சிரிப்பு) ஆனால் பின்னால் வந்த ஆய்வுகள் ஒன்று கண்டுபிடித்தன. யார் எவ்வளவு செய்கிறார் என்பது தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிந்தால் அந்தச் சோம்பல் குறைந்துவிடுகிறது. ஐம்பது பேரை நிறுத்தி ஸ்பீக்கரை அலறவிட்டால் அது தேர்க்கூட்டம். பதினைந்து பேர், ஒவ்வொருவர் பெயரும் பயிற்சியாளருக்குத் தெரியும், முட்டி வலி யாருக்கு, ரத்தக் கொதிப்பு யாருக்கு என்று தெரியும் என்றால் அது குடும்பம்.

அதற்காக, எல்லாக் கூடமும் கோயில் என்று நான் சொல்ல வரவில்லை. முதல் நாளே பவுடர் டப்பாவை நீட்டுகிற கூடம் இருக்கிறது. ஒரே மாதத்தில் பத்துக் கிலோ என்று போர்டு வைக்கிற கூடம் இருக்கிறது. வலித்தாலும் செய் என்று விரட்டுகிற கூடமும் இருக்கிறது. நெஞ்சு அடைக்கிறது, தலை சுற்றுகிறது என்றால் அந்த நிமிஷமே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும், அதில் வீரம் பேசக் கூடாது. வள்ளுவர் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரம் வைத்தாரே, அதில் பெரும்பகுதி சாப்பாட்டு அளவைப் பற்றித்தான். கூடத்தில் ஒரு மணி நேரம் குதித்துவிட்டு, வெளியே வந்து நாலு எண்ணெய்ப் பரோட்டாவைப் பிய்த்துப்போட்டுச் சால்னா ஊற்றினால், அந்தப் பழியைக் கூடத்தின் மேல் போடலாமா? (சிரிப்பு)

இனி நான் சொல்லப்போவது சிரிப்பதற்கு இல்லை. எதிரணியின் கடைசிப் பேச்சாளர் கேட்டார், ‘பட்டாசு ஆபீசிலும் தீப்பெட்டி ஆபீசிலும் பொழுதன்னைக்கும் உழைக்கிற பெண்ணுக்கு எதற்கு ஐயா உடற்பயிற்சி?’ என்று. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன், இந்தப் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். அந்த ஆபீசில் நாற்காலி மேஜை இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். தரையில் காலை மடக்கி, முதுகை வளைத்து, விரல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிற வேலை அங்கே நிறைய. எண்ணிக்கைக்குக் கூலி என்றால் எழுந்து நிமிர்கிற நேரத்துக்குக் கூலி கிடையாது. அது உழைப்பு, சந்தேகமில்லை. ஆனால் உழைப்பு வேறு, உடற்பயிற்சி வேறு. அந்த உழைப்பு உடம்பைச் செலவழிக்கிறது. பயிற்சி உடம்பைச் சேமிக்கிறது. விடியுமுன்னே சோறாக்கி வைத்துவிட்டு வண்டி ஏறுகிறவளுக்குச் சேமிக்க நேரம் எங்கே?

2024இல் லான்செட் குளோபல் ஹெல்த் என்ற மருத்துவ இதழில் ஒரு கணக்கு வந்தது. 2022 நிலவரப்படி இந்தியாவில் வயதுவந்தோரில் பாதிப் பேருக்குப் போதுமான உடலசைவு இல்லை. ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம். கவனியுங்கள், பெண்கள்தான் அதிகம். 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வில், தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பதினாலு பேருக்குச் சர்க்கரை நோய். உலக சுகாதார நிறுவனம் கேட்பது என்ன? வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான பயிற்சி, அதோடு இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. 150 நிமிடத்தை ஏழு நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 22 நிமிடம்கூட இல்லை. விளம்பரத்தைக் கழித்துவிட்டால் ஒரு டிவி தொடர் ஓடுகிற நேரம்! (சிரிப்பு)

‘அந்த அம்மாளால் சந்தா கட்ட முடியுமா?’ என்று கேட்பீர்கள். கட்ட வேண்டாம். கூட்டு என்பதற்குக் கண்ணாடிச் சுவரும் ஏசியும் கட்டாயமில்லை. 2023 நவம்பர் 4ஆம் தேதி தமிழக அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று 38 மாவட்டங்களிலும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதையைத் தொடங்கி வைத்தது. நடக்கக் காசு இல்லை. பாதையை அரசாங்கம் போடும். கூட நடக்கிற ஆளை நாம்தான் தேட வேண்டும்.

இந்த ஊருக்கு அது புதுசா? 1889இல் விருதுநகரில் சத்திரிய வித்யாசாலை தொடங்கியது. பெருந்தலைவர் காமராஜர் படித்த பள்ளி. அது எப்படி நடந்தது? வீட்டுக்கு வீடு, தினம் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்தார்கள். அந்தப் பிடி அரிசி, பிள்ளைகளுக்குப் படிப்பாக மாறியது. ஒரு வீட்டின் ஒரு பிடியால் பள்ளிக்கூடம் நடக்காது. ஊரே பிடித்தது, நடந்தது. (கைதட்டல்)

இன்றைக்கு நான் கேட்பது பிடி அரிசி இல்லை, பிடி நேரம். வீட்டில் ஆண்கள் அந்த அரை மணி நேரம் அடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெண் வெளியே கிளம்பினால், ‘இந்த வயசுல இது எதுக்கு’ என்று கேட்காதீர்கள். ஆபீஸ் நடத்துகிற முதலாளிமார்களே, நடுவில் பத்து நிமிடம் எல்லோரும் எழுந்து நிமிர வழிசெய்யுங்கள், அந்தப் பத்து நிமிடக் கூலியைப் பிடிக்காதீர்கள். கூடத்தில் சேரப் போகிறவர்களே, வருஷச் சந்தாவை ஒரே நாளில் கட்டாதீர்கள். ஒரு மாதம் போய்ப் பாருங்கள். மெஷின் எத்தனை என்று எண்ணாதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘நான் ரெண்டு நாள் வரலைன்னா, என்னைத் தேடுறது யாரு?’ பதில் இருந்தால் கட்டுங்கள். பதில் இல்லையா, அந்தக் காசைப் பத்திரமாக வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டு மதினியைக் கூப்பிட்டுக்கொண்டு நடங்கள்.

நடுவர் அவர்களே, தனியாகப் பணம் கட்டியவனிடம் தேறியது கல்லா என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூட்டாகச் சேர்ந்து, வராதவரைத் தேடிப் போகிற இடத்தில் தேறுவது உடம்பு, உடம்பு, உடம்பே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். (நீண்ட கைதட்டல்)