பிணைக்குக் கட்டிய காசு தானம் அல்ல
(பூண்டுலோயாவில் தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"ஒரு கையெழுத்துத்தானே அக்கா, போடுங்க" என்று கேட்டதும் நம் லயங்களில் எத்தனை பேர் பிணை நின்றிருக்கிறோம்! கடன் எடுத்தவர் கொழும்புக்குப் போய்விடுகிறார். லோன்காரர் நம் வாசலுக்கு வருகிறார். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அந்தக் கணக்கில் அடுத்தவருடைய 50,000 ரூபாயைக் கட்டுவது நமக்கு 37 நாள் உழைப்பு. கட்டிவிட்டு, "சொந்தக்காரர்தானே, எப்படிக் கேட்பது?" என்று விட்டுவிடுகிறோம்.

கேட்கலாம். பிணை விடயத்தில் நம் நாட்டில் செல்லுபடியாவது உரோமன் டச்சுச் சட்டம். பிணையாளர் கட்டிய பணத்தைக் கடனாளியிடமிருந்து திரும்பப் பெற அது உரிமை தருகிறது. கடன் தீர்ந்துபோகவில்லை. இனி அவர் நமக்குக் கடன்காரர்.

அந்த உரிமையைக் காப்பாற்ற நாலு காரியம் செய்வோம்.

முதலாவது, ரசீது. "இன்னாருடைய கடனுக்குப் பிணையாளர் கட்டியது" என்று நம் பெயரில் எழுதி வாங்க வேண்டும். ரசீது தராதவர் கையில் ஒரு சதமும் கொடுக்கக்கூடாது. நம்மோடு வேறு பிணையாளர்களும் இருந்தால், முழுத் தொகையையும் கட்டும்போதே கடன் கொடுத்தவரின் உரிமையை நம் பேருக்கு மாற்றித் தரும்படி கேட்க வேண்டும். மற்றவர்களிடம் பங்கு கேட்க அது உதவும்.

இரண்டாவது, கடிதம். கட்டிய தொகையையும் திகதியையும் எழுதிக் கடனாளிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புவோம். பிரதி நம்மிடம் இருக்கட்டும். தவணையில் தருகிறேன் என்றால், அதையும் எழுதிச் சாட்சிகளோடு கையெழுத்து வாங்குவோம்.

மூன்றாவது, மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது இது. இங்கே வக்கீல் தேவையில்லை. இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். இணக்கம் வராவிட்டால் அத்தாட்சிப் பத்திரம் தருவார்கள். அதைக் கொண்டு நீதிமன்றம் போகலாம். வருமானம் குறைந்தவர்களுக்கு வழக்குப் பேச சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

நாலாவது, காலக்கெடு. 1871ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுத்தில்லாத கொடுக்கல் வாங்கலுக்கு 3 வருஷம், எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 வருஷம். ஆகவே 3 வருஷத்துக்குள் முடிக்கப் பாருங்கள். "தீபாவளிக்குத் தாறேன், பொங்கலுக்குத் தாறேன்" என்ற வாய்ச்சொல்லில் அந்தக் காலம் ஓடிவிடும்.

இன்னொன்று. கடனாளியை லயத்தில் வைத்து ஏச வேண்டாம். குழுக் கடனில் ஒருத்தி தவணை தவறினால் மற்றப் பெண்கள் கட்ட வேண்டும். அதனால் தோழிகளே எதிரிகளாகிறார்கள். 2021 மார்ச்சில் பொலன்னறுவை ஹிங்குராக்கொடையில் நுண்கடன் பட்ட பெண்கள் அப்படிப் பிரியாமல் ஒன்றாகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். காசைக் கேட்பது நம் உரிமை. மானத்தைப் பறிப்பது உரிமை அல்ல.

பிணை நிற்குமுன் பத்திரத்தைப் பாருங்கள். முதலில் கடனாளியிடம் கேட்டு முடித்த பிறகே நம்மிடம் வர வேண்டும் என்பது பிணையாளருக்கு உள்ள பாதுகாப்பு. அதைக் கைவிடுகிறேன் என்ற வரி பல பத்திரங்களில் இருக்கும். புரியாத மொழியில் இருந்தால் கையெழுத்து வைக்காமல் தோட்டக் கமிட்டியிடம் கொண்டு வாருங்கள். சேர்ந்து வாசிப்போம். ஏற்கனவே கட்டியவர்கள் ரசீதோடு வாருங்கள். கடிதத்தை இன்றே எழுதுவோம்.